கைமடியா, செல்போன் ஆலையா, ஐடிஐயா: பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு எந்த வேலை?

என் தங்கை மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கோபிக்குப் பக்கத்தில் ஊர், அரசுப் பள்ளி. மார்க் சுமார்தான், கணக்கு மட்டும் நன்றாக வரும். வீட்டில் ஆளுக்கொரு யோசனை. அவள் அப்பா திருப்பூரில் பதினோரு வருடம் கட்டிங்கில் இருந்தவர், இப்போது வாழைத் தோட்டம் பார்க்கிறார். "தெரிஞ்ச ஊரு, பனியன் கம்பெனிக்கே போகட்டும்" என்கிறார். தங்கைக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துச் செல்போன் ஆலை மேல் ஆசை. பக்கத்து வீட்டுப் பெண் அங்கே இருக்கிறாள். விடுதி, சாப்பாடு, வண்டி எல்லாம் கம்பெனியே பார்த்துக்கொள்கிறதாம். பாட்டிக்கு நர்சிங். யாரும் கேட்காத அந்தப் பெண்ணே கடைசியில் எனக்குப் போன் பண்ணி, "பெரியம்மா, ஐடிஐல ஃபிட்டர் படிச்சா என்னங்?" என்றாள்.

நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் இருபது வருடமாகச் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமைதோறும் சம்பள ஷீட் என் மேஜையிலிருந்துதான் போகும். அதனால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். இதே கேள்வியோடு எத்தனையோ வீடுகள் இந்த மாதம் உட்கார்ந்திருக்கும்.

முதல் மாதம் கையில் எவ்வளவு வரும் என்று பார்த்தால் ஐடிஐ பேச்சிலேயே வராது. இரண்டு வருடம் சம்பளமே இல்லை. நான் பார்ப்பது ஐந்தாவது வருடத்தை. அந்த வருடம் சம்பள ஷீட்டில் அவள் பெயருக்கு எதிரே என்ன வேலை என்று எழுதியிருக்கும்? இருபது வருடமாக ஆண் பெண் சம்பள வித்தியாசத்தை நான் பார்த்துவருவது அந்த ஒரு கட்டத்தில்தான்.

பனியன் கம்பெனி

திருப்பூரில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில வருடங்களுக்கு ஒருமுறை உட்கார்ந்து சம்பள ஒப்பந்தம் போடுவார்கள். 2021இல் போட்டதில் நான்கு வருடத்தில் 32 சதவீத உயர்வு. அந்த அட்டவணையில் ஆண், பெண் என்ற சொல்லே கிடையாது. கட்டிங், டெய்லர், அயர்ன், பேக்கிங், செக்கிங், கைமடி (டெய்லருக்குப் பக்கத்தில் நின்று உதவுகிற வேலை), டேமேஜ் என்று வேலையின் பெயர்தான் இருக்கும். படித்துப் பார்த்தால் பாரபட்சம் எதுவுமே இல்லை.

ஷெட்டுக்குள் நுழைந்தால் விஷயம் தெரியும். எங்கள் கம்பெனியையே சொல்கிறேன். கட்டிங் டேபிளில் ஆண்கள், அயர்ன் டேபிளில் ஆண்கள், தையல் மிஷின்கள் இருக்கிற பவர் டேபிளில் இரண்டு பேரும். செக்கிங்கில் முழுக்கப் பெண்கள், கைமடியில் முழுக்கப் பெண்கள். அதிக ரேட் உள்ள வரிகளில் யார், குறைந்த ரேட் உள்ள வரிகளில் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லா வரிக்கும் ஒரே 32 சதவீதம் ஏறும்போது, அதிகம் வாங்குகிறவருக்கு ரூபாயில் அதிகம் ஏறும். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்குப் பிறகும் ரூபாய்க் கணக்கில் இடைவெளி கொஞ்சம் கூடுகிறது.

எங்களிடம் ஓர் அக்கா பதினான்கு வருடமாகக் கைமடி. ஓவர்லாக் டெய்லர் பக்கத்தில் நின்றுகொண்டு, தைத்து வருகிற பீஸைப் பிரித்து, நூலை வெட்டி, அடுத்ததை அடுக்கிக் கொடுக்கிற வேலை. டெய்லர் டீக்குப் போனால் மிஷினில் அவர்தான் உட்காருவார். நான் நின்று பார்த்திருக்கிறேன். டி-ஷர்ட்டின் தோளைச் சேர்க்கும்போது பனியன் துணி இழுபடும். பழகாதவர் தைத்தால் ஓரம் அலை அலையாக வந்துவிடும். அவர் தைத்தது கோடு போட்டாற்போல இருந்தது. டெய்லர் திரும்பி வந்ததும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டார். அந்தச் சனிக்கிழமையும் ஷீட்டில் கைமடி ரேட்தான் எழுதினேன், என் கையாலேயே.

"ஏனுங்கக்கா, டெய்லரா மாத்திக் கேக்கலாமில்லீங்க?" என்றேன்.

"மிஷின்ல உக்காந்தா ஒன்றரை ஷிப்ட் இருக்கோணும் கண்ணு. ராத்திரி வரைக்கும் பையன் தனியா இருப்பானே."

வேலை தெரியாததால் அவர் கைமடியில் இல்லை. சாயங்காலம் ஆனால் வீட்டில் இருக்க வேண்டியவர் அவர் என்று வீடும் கம்பெனியும் சேர்ந்து முடிவு செய்துவிட்டன. 2024இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 88 நிமிடம். அந்த இருநூறு நிமிட வித்தியாசத்தில்தான் அந்த அக்காவின் டெய்லர் ரேட் போய்விட்டது.

காசாகவே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு வேலைக்கும் ஷிப்டுக்கு 100 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 26 ஷிப்டுக்கு 2,600 ரூபாய், வருடத்துக்கு 31,200, ஐந்து வருடத்தில் 1,56,000. சம்பளம் பி.எஃப். வரம்புக்குள் இருந்தால் கம்பெனி கட்டும் 12 சதவீதத்தில் இன்னொரு 18,720 குறையும். ஐந்து வருடம் முடிந்து விலகும்போது கிடைக்கிற பணிக்கொடை, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் 7,500 குறையும். எல்லாம் சேர்த்து 1,82,220 ரூபாய். தினம் நூறு ரூபாய்தானே என்று விடுகிற பணம் இது.

சட்டம் ஒன்றும் செய்யாதா என்று தங்கை கேட்டாள். 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது; இப்போது அது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. இரண்டிலும் சொல்லியிருப்பது ஒன்றுதான்: ஒரே வேலைக்கு, அல்லது ஒரே தன்மையுள்ள வேலைக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம். மெக்கினன் மெக்கென்ஸி கப்பல் கம்பெனியில் ஸ்டெனோகிராபராக இருந்த ஆட்ரி டி'கோஸ்டா இந்தச் சட்டத்தை வைத்துத்தான் வழக்குப் போட்டு 1987இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். அவர் ஜெயிக்க முடிந்தது எப்படி? அதே கம்பெனியில் அதே வேலைக்கு அதிகச் சம்பளம் வாங்குகிற ஆண் ஸ்டெனோ இருந்தார், அவரைக் காட்ட முடிந்தது. எங்கள் அக்கா யாரைக் காட்டுவார்? ஆண் கைமடியே எங்கள் ஷெட்டில் கிடையாது. கட்டிங்கைக் காட்டினால் "அது வேற வேலைங்க" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். இந்தியா 1958இல் ஏற்றுக்கொண்ட சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கை "சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம்" என்கிறது. நம் சட்டம் அந்த அளவுக்குப் போகவில்லை. பெண்களைத் தனி வேலையில் நிறுத்திவிட்டால் சட்டம் வாசலிலேயே நின்றுவிடும்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 1968இல் இங்கிலாந்தில் டாகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் சீட் உறை தைத்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தைக்கிற வேலைக்குத் திறமை வேண்டாம் என்று அவர்களைக் கீழ்த் தரத்தில் போட்டிருந்தார்கள். உறை வராமல் கார் உற்பத்தியே நின்றது. சம்பளம் உயர்ந்தது, இரண்டு வருடத்தில் அந்த நாட்டில் சம ஊதியச் சட்டமும் வந்தது. ஆனால் தையல் திறமையான வேலைதான் என்று தரத்தை மாற்றி எழுத 1984 வரை, இன்னொரு வேலைநிறுத்தம் வரை ஆனது. சட்டத்துக்கு இரண்டு வருடம், வேலையின் பெயருக்குப் பதினாறு வருடம்.

ஆகவே பனியன் கம்பெனிதான் என்றால், கைமடியாகவோ செக்கிங்காகவோ சேர வேண்டாம். டெய்லர் பயிற்சி என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, எத்தனை மாதத்தில் தனி மிஷின் என்றும் கேட்டுக்கொண்டு சேரட்டும். "முதல்ல கைமடி பாரு, அப்புறம் பாத்துக்கலாம்" என்பதில் அந்த அப்புறம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. நூற்பாலைப் பக்கம், மூன்று வருடம் விடுதியில் இருந்தால் முடிவில் மொத்தமாகப் பணம் என்று இன்னும் யாராவது ஏஜென்ட் வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள். சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்துப் பெண்பிள்ளைகளின் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்த முறை அது. நடுவில் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்தவர்கள் அந்த மொத்தப் பணத்தைப் பார்க்கவே இல்லை.

செல்போன் ஆலை

இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். பதினெட்டு வயதில் சொந்த வங்கிக் கணக்கில் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., கூட நாலு ஊர்ப் பெண்களோடு ஓர் அறை. எங்கள் தலைமுறைக்கு இது கிடைக்கவில்லை. இரவு ஷிப்டுக்கே வழி இல்லாமல் இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இரவு 7 மணிக்கு மேல் பெண்களுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்றது. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. பெண்ணை வெளியே நிறுத்துவதை விட்டுவிட்டு, வண்டியும் பாதுகாப்பும் ஏற்பாடு செய்து வேலைக்கு எடுங்கள் என்ற திசைக்கு விஷயம் திரும்பியது. பெண்கள் மட்டும் வேலை செய்யும் லைன் என்றால் வீட்டிலும் தயங்காமல் அனுப்புகிறார்கள். இதற்கெல்லாம் மதிப்பு உண்டு.

ஆனாலும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நான் கேட்ட கேள்வி: "லைன் நின்னுட்டா யார் வந்து சரி பண்றாங்க?" டூல் பை மாட்டிக்கொண்டு மெயின்டனன்ஸ் பையன்கள் வருவார்களாம். எல்லாரும் டிப்ளமோ, ஐடிஐ. அடுத்ததாக, "முப்பது வயசுக்கு மேல எத்தனை பேர் இருக்கீங்க?" அவள் சிறிது நேரம் யோசித்தாள். ஒருவர் பெயரும் சொல்லவில்லை.

லைன் முழுவதும் பெண்கள் இருப்பதாலேயே அது சமமான இடம் ஆகிவிடாது. கைமடி வரிசையிலும் முழுக்கப் பெண்கள்தானே. மேலே ஏறுகிற ஏணி எங்கே என்பதைத்தான் பார்க்க வேண்டும். கல்யாணம் ஆன பெண்களைச் சேர்ப்பதில்லை என்று 2024இல் அந்தப் பக்கத்து ஆலை ஒன்றைப் பற்றிச் செய்தி வந்து, ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஆளெடுப்பில் பெண் என்பதற்காக ஒதுக்குவது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றமாகத்தான் இருந்தது. விடுதி விஷயமும் உண்டு. விடுதிச் சாப்பாட்டால் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய், 2021 டிசம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் விடுதிகளின் நிலை பற்றிப் பேச்சே எழுந்தது. உட்கார்ந்த பெண்களுக்கு என் வணக்கம். உட்காராமலே அது நடந்திருக்க வேண்டும்.

நர்சிங், வீட்டில் தையல் மிஷின்

நர்சிங் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பெண்ணுக்கு விருப்பம் இல்லை. விருப்பம் இருந்தால் தடுக்கவும் மாட்டேன். கவுன்சில் பதிவு சொந்தப் பெயரில் இருக்கும், வெளிநாட்டுக்கும் வழி உண்டு. ஆனால் தனியார் ஆஸ்பத்திரிகளில் 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இல், உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த குழு பரிந்துரைத்தது. உங்கள் ஊர் நர்சிங் ஹோமில் இருக்கிற பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு வாங்குகிறாள் என்று. பெண்கள் நிறைகிற வேலைக்கெல்லாம் "சேவை" என்று பெயர் வைத்துவிடுகிறோம். 1975இலிருந்து நடக்கிற அங்கன்வாடித் திட்டத்தில் இருக்கிறவர்களுக்கு வருவது மதிப்பூதியமாம், சம்பளம் இல்லையாம். அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டில் மிஷின் போட்டுத் தைக்கலாம் என்று உறவில் ஒருவர் சொன்னார். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு வேண்டாம். பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதே வீட்டு வேலை எல்லாம் தலையில் விழும்.

ஐடிஐ ஃபிட்டர்

இயந்திரப் பாகங்களை அளவுக்கு ராவிப் பொருத்துகிற வேலைக்கான இரண்டு வருடப் படிப்பு. அரசு ஐடிஐயில் கட்டணச் சுமை கிடையாது, மாத உதவித்தொகை உண்டு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். 2022இல் தொடங்கிய அந்தத் திட்டம் கல்லூரிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், ஐடிஐக்கும் உண்டு. முடித்த பிறகு தொழிற்பழகுநர் பயிற்சி, ரயில்வே தேர்வுகள், ஆலைகளின் மெயின்டனன்ஸ் என்று வழி பிரியும். அந்தச் செல்போன் ஆலையில் டூல் பையோடு வருகிற வேலையும் அதில் ஒன்று.

போன வாரம் அவளைப் பக்கத்து ஊர் ஐடிஐ பட்டறைக்குக் கூட்டிப்போனேன். பையன்கள் வைஸில் இரும்புத் துண்டை இறுக்கி அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்கள். ராவிய முகத்தில் மட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார்கள். இடையில் ஒரு கீற்று ஒளி தெரிந்தால் இன்னும் ராவ வேண்டும். வாத்தியார் இவளுக்கும் ஓர் அரம் கொடுத்தார். முதலில் நடுவில் மேடு விட்டுவிட்டு இரண்டு ஓரத்தையும் ராவிவிட்டாள், எல்லாரும் முதல் நாள் அப்படித்தான் செய்வார்களாம். கால் மணி நேரத்தில் கை கறுத்துவிட்டது. அளவு பார்க்கிற வெர்னியர் கருவியை எப்படிப் படிப்பது என்று ஒருமுறை காட்டினார். அடுத்த முறை அவளே, "இருபத்திநாலு புள்ளி ஆறு ரெண்டு" என்றாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவள் முகத்தை நான் அப்போது பார்த்தேன்.

அதே வாத்தியார் கிளம்பும்போது என்னிடம் தனியாக, "பொண்ணுக்கு எதுக்குங்க ஃபிட்டர், கோபா எடுக்கச் சொல்லுங்க, இல்லாட்டித் தையல் இருக்குதுங்க" என்றார். கோபா என்பது கம்ப்யூட்டர் படிப்பு. நல்ல மனிதர், அக்கறையில்தான் சொன்னார். இப்படித்தான் ஐடிஐக்குள்ளேயும் பெண்கள் கம்ப்யூட்டருக்கும் தையலுக்கும் போகிறார்கள், பையன்கள் ஃபிட்டருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் போகிறார்கள். அந்த ஃபிட்டர் வகுப்பில் ஒரே ஒரு பெண். கழிப்பறை பட்டறையிலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி இருந்தது. படித்து முடித்த பிறகும் "லேடீஸ் ஃபிட்டர் எடுக்கறதில்லைங்க" என்று சொல்லும் கம்பெனிகள் இருக்கும். இதையெல்லாம் அவளிடம் மறைக்கவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993இல் அரசுப் பேருந்து ஓட்டுநர் ஆனார். அதற்கு ஐந்து வருடம் முன்பே மகாராஷ்டிரத்தில் சுரேகா யாதவ் ரயில் இன்ஜினில் ஏறிவிட்டார். முப்பது வருடம் தாண்டியும், பஸ் ஸ்டியரிங்கில் ஒரு பெண்ணைப் பார்த்தால் இன்னும் போட்டோ எடுக்கிறோம். ஒருவர் உள்ளே போனதால் மட்டும் கதவு திறந்துகொள்வதில்லை. அதனால் எந்த ஐடிஐ என்று தேர்ந்தெடுக்கும்போது, ஃபிட்டர் பிரிவில் இன்னும் இரண்டு மூன்று பெண்களாவது இருக்கிற இடமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், பஸ் ஒரு மணி நேரம் கூட ஆனாலும் பரவாயில்லை. வேலைக்குச் சேரும்போது, பத்து பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கிற உள் புகார்க் குழு இருக்கிறதா, அதன் தலைவர் யார் என்று முதல் நாளே கேட்க வேண்டும். பெயர் சொல்லத் தெரியாத கம்பெனியில் குழு காகிதத்தில்தான் இருக்கும்.

இத்தனை சிரமத்தோடும் நான் ஐடிஐ என்றே சொல்கிறேன். ஃபிட்டராகப் போனால் அவள் பக்கத்திலேயே ஓர் ஆண் ஃபிட்டர் நிற்பான். அதே வேலை, அதே அளவு, அதே வெர்னியர். குறைத்துக் கொடுத்தால் ஆட்ரி டி'கோஸ்டா காட்டியதுபோல அவளும் கையை நீட்டிக் காட்ட முடியும். கைமடியிலோ, பெண்கள் மட்டும் இருக்கிற லைனிலோ அவளுக்கு அந்த ஆள் கிடைக்க மாட்டான்.

"அப்ப எல்லாப் பொண்ணுகளும் ஃபிட்டர் ஆகோணுமா? கைமடிக்குச் சம்பளத்தை ஏத்தலாமில்ல?" என்று தங்கை மடக்கினாள். சரியான கேள்வி, அதுதான் பெரிய வேலையும். அடுத்த ஒப்பந்தப் பேச்சில் எல்லாருக்கும் ஒரே சதவீதம் என்பதை விட்டுவிட்டு, கைமடிக்கும் செக்கிங்குக்கும் ரூபாயில் கூடுதலாக ஏற்ற வேண்டும். மிஷின் ஓட்டத் தெரிந்த கைமடிக்கு டெய்லர் தரம் கொடுக்க வேண்டும். குழந்தைகள் காப்பகம் ஷிப்ட் முடிகிற வரை திறந்திருக்க வேண்டும். சங்கத்தில் தெரிந்தவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அதற்காக இந்த வருடம் ஒரு பெண்ணைக் கைமடியில் கொண்டுபோய் நிறுத்திவைக்க முடியாது.

இரண்டு வருடம் வீடு தாங்காது என்றால் செல்போன் ஆலைக்கு ஒரு வருடம் போகட்டும். சம்பளத்தில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் போட்டு வைத்துவிட்டு அடுத்த ஜூனில் ஐடிஐ விண்ணப்பம். தேதியை இப்போதே எழுதி வைக்க வேண்டும், கல்யாணப் பேச்சு அதற்குள் எடுக்கக் கூடாது.

விண்ணப்பம் நிரப்பியாயிற்று. முதல் விருப்பம் ஃபிட்டர், இரண்டாவது எலெக்ட்ரீஷியன். அப்பாதான் இன்னும் சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோபி போகிறேன், சம்பள ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு. பதினோரு வருடம் கட்டிங் வரியில் நின்று சம்பளம் வாங்கியவர் அவர். கைமடி வரி அதில் எங்கே இருக்கிறது என்று அவருக்கு நான் காட்டவேண்டியிருக்காது.